நீலக்கரைத் தட்டு

செங்கல்பட்டு,
6-1-1974

அன்புள்ள காத்தவராயனுக்கு,

பார்த்தசாரதி இந்தக் காணும் பொங்கலுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு வரப்போவதில்லை. நேற்று மாலை தபால் ஆபீஸ் வாசலில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டே அவனே இதைச் சொன்னான். சம்பத்தும் பக்கத்தில் இருந்தான். ஆகவே செய்தி உறுதி.

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் நாங்கள் மூவரும் மாமல்லபுரம் வருகிறோம். நானும் சம்பத்தும் உன் வீட்டில் மீன் குழம்பு சாப்பிடுவோம். அவன் சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து தன் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிப்பான். நீயும் ஏன் என்று கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. நேற்று அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மாரியம்மா கையால சாப்பிடணும்டா. மீனும் முட்டையும் என் இலையில வேண்டாம். மத்தபடி அவங்க என்ன போட்டாலும் சரி."

அம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். சொல்லியாயிற்றாம். அம்மா என்ன சொன்னாள் என்றதற்குச் சைக்கிள் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான். நானும் வற்புறுத்தவில்லை.

சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இனிப்புதான் யோசனை. கடையில் வாங்கிக்கொண்டு போகலாம் என்றான் சம்பத். வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது பார்த்தசாரதியின் விருப்பம். சேமியா பாயசம், ரவா கேசரி என்று எளிதாக ஏதாவது போதும். பண்டிகை நாளில் மாரியம்மாவை அடுப்படியிலேயே நிறுத்திவைக்காதே. ரேஷன் சர்க்கரை போதாவிட்டால் என் பங்கைக் கொண்டுவருகிறேன்.

பதிலைக் கார்டில் எழுதாதே. அவன் இப்போது தபால் பிரிக்கும் இடத்தில் இருக்கிறான். அடுத்தவர் கார்டைப் படிக்கிறவன் அல்ல. ஆனால் தன் பெயர் கண்ணில் பட்டால் யாராயிருந்தாலும் நின்றுவிடுவார்கள்.

அன்புடன்,
அருணகிரி

*

மாமல்லபுரம்,
10-1-1974

அன்புள்ள அருணகிரிக்கு,

உன் கடிதத்தை மாரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் எழுந்தே நின்றுவிட்டாள். "நெசமாவா? அவரு நம்ம வூட்டுல உக்காந்து சாப்புடறாரா? சும்மா சொல்லாத." இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

மறுநாளே கடைத்தெருவுக்குப் போய்ப் புதுச் சட்டி, இதுவரை வீட்டில் இல்லாத இட்லிச் சட்டி, கரண்டி எல்லாம் வாங்கிவிட்டோம். மீன் வாசனை படாத பாத்திரம் என் வீட்டில் ஏது? பின்பக்கம் தனி அடுப்பும் போட்டாயிற்று.

இனிப்பை என்னிடம் விடு. பாயசம் எந்தக் கல்யாண வீட்டிலும் கிடைக்கும். நான் மீன் போடுகிற கடற்கரை ஓட்டலில் சடையப்பன் என்று ஒரு சமையல்காரர். அவர் எனக்குப் புட்டிங் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தட்டில் சர்க்கரையைக் கருக்கி ஊற்றி, அதன்மேல் பாலும் முட்டையும் அடித்து ஊற்றி, இட்லிச் சட்டியில் ஆவியில் வைத்தால் முடிந்தது. வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

முட்டை என்றதும் நீ பதறுவாய். பார்த்தசாரதிக்கு வேறு வழி இருக்கிறது. சைனா கிராஸ் என்று ஒன்று, காய்ந்த கடல்பாசி மாதிரி, வெள்ளையாக, நார் நாராக இருக்கும். வெந்நீரில் கரைத்துப் பாலில் விட்டால் ஆறும்போது தானாகவே கட்டிக்கொள்ளும். ஐஸ் வேண்டாம், முட்டை வேண்டாம். அதற்கும் அடியில் கருக்கிய சர்க்கரை ஊற்றிவிட்டால் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். அவனுக்கு மட்டும் தனியாக ஒன்று என்று அவன் மனசில் படக் கூடாது. இத்தனை வருஷம் தனியாக உட்கார்ந்தது போதும்.

இரண்டு எனாமல் தட்டு வாங்கியிருக்கிறேன். முட்டை போட்டது நீலக்கரைத் தட்டில், நமக்கு. முட்டை இல்லாதது சிவப்புக்கரைத் தட்டில், அவனுக்கு. நினைவில் வைத்துக்கொள்.

செய்யப்போகிறவள் மாரியம்மாதான். எனக்கு அன்றைக்கு ஓட்டலுக்கு மீன் எடுத்துக் கொடுக்கிற வேலை இருக்கிறது. இட்லிச் சட்டி ஒன்றுதானே இருக்கிறது என்று ஏதோ முணுமுணுத்தாள். பெண்களுக்கு எந்தக் காலத்திலும் பாத்திரம் போதாது.

சைனா கிராஸ் இங்கே கிடைக்கவில்லை. செங்கல்பட்டில் வாங்கி, சம்பத்தின் லாரி ஆபீஸ் மூலமாக அனுப்பு. சர்க்கரையும் கொண்டுவா.

இப்படிக்கு,
காத்தவராயன்

*

செங்கல்பட்டு,
18-1-1974

அன்புள்ள காத்தவராயனுக்கு,

பார்த்தசாரதி அன்று சாப்பிட்டது நீலக்கரைத் தட்டிலிருந்து. இன்று காலை டீக்கடையில் சம்பத் சொன்னான். அவனும் பார்த்தசாரதியோடு அதே தட்டிலிருந்துதான் சாப்பிட்டிருக்கிறான்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். சாப்பாடு முடிந்ததும், கடைசி பஸ் புறப்பட்டுவிடும் என்று அதை எங்களுக்காக நிறுத்திவைக்க நீ பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாய். நான் கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அந்த நேரத்தில் மாரியம்மா நீலக்கரைத் தட்டைக் கவிழ்த்துத் துண்டு போட்டுக் கொடுத்திருக்கிறாள். பார்த்தசாரதி ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கியிருக்கிறான். நான் திரும்பியபோது அவன் இலையை மடித்துவிட்டான். எனக்கும் அந்தத் தட்டிலிருந்தே வந்தது. நமக்குரியது நீலம் என்று நீ எழுதியிருந்ததால் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. செருப்பு மாட்டும்போது உள்ளே பார்த்தேன். சிவப்புக்கரைத் தட்டு மூடியோடு அப்படியே இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவனுக்கு இன்னொரு தட்டில் எடுத்துவைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது பார்த்தசாரதி என் காதருகே குனிந்து, "அதுல முட்டை இல்லையே?" என்று கேட்டான். "இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

இன்று சம்பத்திடம் துருவித் துருவிக் கேட்டேன். "மெட்ராஸ்ல எத்தினி ஓட்டல்ல சாப்ட்டுகீறேன்! முட்ட போட்டாத்தான்டா அந்தப் பதம் வரும். நாக்குல வெச்சதும் தெரிஞ்சிபோச்சு" என்கிறான். பிறகு ஏன் அவனைத் தடுக்கவில்லை என்றேன். "அவனே ரெண்டாவது துண்டு கேட்டான். முட்டைக்கு மனசு மாறிட்டான் போலன்னு நெனச்சேன். சந்தோசமா சாப்புடறவன் கைய நான் எதுக்குப் புடிக்கணும்?"

இன்னொரு செய்தி. பிப்ரவரி பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நம் எல்லோரையும் பார்த்தசாரதி தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறான். உன்னையும் மாரியம்மாவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவன் மனைவி கோமளா அந்தப் புட்டிங்கை எப்படிச் செய்வது என்று எழுதி வாங்கி வரச் சொன்னாளாம்.

எங்கள் பத்திரிகையில் செய்தி தவறாகப் போனால் மறுநாள் திருத்தம் போடுகிறோம். நான் பஸ்ஸில் சொன்னதற்கும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன்.

அருணகிரி

*

மாமல்லபுரம்,
21-1-1974

அருணகிரிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. நண்டைப் பிடிப்பதற்குப் பதிலாக வலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாரியம்மா இங்கே இல்லை. விருந்துக்கு மறுநாள் விடிந்ததும் அவள் தங்கை ஆதியம்மாளுக்கு வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்து, நெம்மேலிக்குப் போய்விட்டாள். ஆண் குழந்தை. நலம்.

அவனிடம் சொல்லாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். திருத்தம் போட்டால் வயிற்றுக்குள் போனது திரும்பி வந்துவிடுமா? உன் பத்திரிகை மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும். இது அப்படி இல்லை.

அவன் கோபப்படுவான் என்று நான் பயப்படவில்லை. கோபப்பட்டால் காலில் விழுந்தாவது சரி செய்துவிடுவேன். அவன் கோபப்படமாட்டான். "பரவாயில்லடா, தெரியாமத்தானே" என்று சிரிப்பான். அடுத்த காணும் பொங்கலுக்குப் பொட்டலத்தோடு வருவான். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அன்றைக்கு அவன் என் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரசத்துக்குக் கை நீட்டினானே, நீ பார்த்தாய் அல்லவா? நான் பார்த்தேன்.

தட்டு நிறம் தெரியாத அளவுக்கு அவளுக்குக் கண் எங்கே போயிற்று என்று நெம்மேலிக்கே போய்க் கேட்கப்போகிறேன்.

காத்தவராயன்

*

செங்கல்பட்டு,
24-1-1974

அன்புள்ள காத்தவராயனுக்கு,

பார்த்தசாரதியின் அம்மா விசாரித்துவிட்டாள். நேற்றுத் தபால் ஆபீஸில் அவனே சொன்னான். என்னென்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாளாம். புட்டிங் என்றதும், அதில் முட்டை கிடையாது என்று யார் சொன்னது என்றாளாம். "அருணகிரி சொன்னான்னு சொன்னேன். அம்மா சரின்னுட்டா" என்றான். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னான் தெரியுமா? எனக்குத்தான் கையில் இருந்த ஸ்டாம்பை எங்கே ஒட்டுவது என்று தெரியவில்லை.

என் பெயர் அந்த வீட்டில் சாட்சியாக நிற்கிறது. அந்தச் சாட்சியை வைத்துக்கொண்டு பத்தாம் தேதி அவன் வீட்டில் நான் இலை போட்டு உட்கார முடியாது. மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்த்துச் சொல்லப்போகிறேன். உன்மேல் குற்றம் இல்லை என்பதையும், இரண்டு தட்டு எதற்காக வைத்தாய் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

நெம்மேலிக்குப் போவதானால் கேட்பதற்காகப் போ. சத்தம் போடுவதற்காகப் போகாதே. அது பிள்ளை பெற்ற வீடு.

அருணகிரி

*

மாமல்லபுரம்,
28-1-1974

அருணகிரிக்கு,

போனேன். சத்தம்தான் போட்டேன். உன் கடிதம் நான் திரும்பி வந்த பிறகுதான் கிடைத்தது.

அவள் சின்னம்மா, தங்கை புருஷன், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். "நீலத்துக்கும் செவப்புக்கும் வித்தியாசம் தெரியாத பொம்பளையக் கட்டிகினு நான் மானம் கெட்டு நிக்கிறேன்" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"அப்ப கெளம்பு. கொயந்த தூங்குது."

கதவைச் சாத்திவிட்டாள். மறுநாள் ஆள் அனுப்பினேன். வீட்டுக்கும் வரமாட்டாளாம், பத்தாம் தேதி சாப்பாட்டுக்கும் வரமாட்டாளாம்.

நீ உன் திருத்தத்தைப் போட்டுக்கொள். போட்ட பிறகு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

காத்தவராயன்

*

செங்கல்பட்டு,
31-1-1974

அன்புள்ள காத்தவராயனுக்கு,

நீலக்கரைத் தட்டில் முட்டை இல்லை. சிவப்புக்கரைத் தட்டிலும் இல்லை. சொன்னது மாரியம்மா, நேற்றுக் காலை, நெம்மேலியில். நீ எழுத வேண்டாம் என்றாய். இதை எழுதாமல் இருக்க முடியாது.

நேற்று எனக்குக் கோவளத்தில் ஒரு வேலை. திரும்பும் வழியில் நெம்மேலியில் இறங்கினேன். அவள் வாசலில் குழந்தைத் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "வா அண்ணாத்த. நீயும் கத்தத்தான் வந்துகீறியா?" என்றாள். கேட்க வந்தேன் என்றேன். மணையை எடுத்துப் போட்டாள்.

அன்று காலையிலிருந்து என்ன செய்தாய் என்று மட்டும் கேட்டேன். அவள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"பாத்திரமெல்லாம் புச்சு. அடுப்பு புச்சு. எல்லாம் அவருக்கோசரம். ஆனா இட்லிச் சட்டி ஒண்ணே ஒண்ணு. அந்தச் சட்டியிலதான் அவருக்கு இட்லியும் வேவணும், இவரு சொல்ற முட்டையும் வேவணும். அதே சட்டி, அதே ஆவி. அப்புறம் தட்டுல நீலமின்னா, செவப்புன்னா இன்னா? நான் சொன்னேன், இவரு காதுல வாங்கல. மொத மொதல்ல ஒரு மனுசன் நம்பி வந்து உக்காறாரு. அன்னிக்கி என் வூட்டுல முட்ட ஒடைக்க எனக்கு மனசு வரல. ரெண்டு தட்டுலயும் சைனா கிராஸுதான் ஊத்தினேன். ஒரே பாலு, ஒரே கரைசலு. கைக்கு எது கெடச்சிதோ அத எடுத்து வெச்சேன்."

இதை அன்றைக்கே உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்பிடிச் சொல்றது? ஓட்டல்ல கத்துகினு வந்தேன், முட்ட புட்டிங்குன்னு நாலு நாளா தெருவெல்லாம் சொல்லிகினு திரிஞ்சாரு. பஸ்ஸ நிறுத்திட்டு மூச்சு வாங்க ஓடியாறாரு. சம்பத்து அண்ணாத்த, 'காத்தவராயா, ஓட்டலு தோத்துது போ!'ன்னு சொல்றாரு. இவரு மொகத்த நீ பாத்தியா? நான் பாத்தேன். அப்ப வாயத் தொறக்க முடியுமா? மறுநா சொல்லிக்கலாம்னு இருந்தேன். மறுநாதான் இங்க வந்துட்டேனே."

சத்தம் போட்ட அன்றாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவரு எங்க கேட்டாரு? தீர்ப்பு சொல்ல இல்ல வந்தாரு."

முட்டைகள் எங்கே என்ற கேள்வி மிச்சம் இருந்தது. அவள் உள்ளே போய் ஒரு சட்டியைக் கொண்டுவந்தாள். உமிக்குள் இரண்டு முட்டைகள் புதைந்திருந்தன. மற்றவற்றைப் பிள்ளை பெற்ற தங்கைக்கு வேகவைத்துக் கொடுத்துவிட்டாளாம். "நெம்ப நல்ல முட்ட, அத்தான் வாங்கியாந்தது" என்று உள்ளிருந்து ஆதியம்மாள் குரல் கொடுத்தாள். முட்டையை என் கண்ணால் பார்த்தேன். இதற்குமேல் ஆதாரம் தேவையில்லை.

சம்பத் சொன்ன தட்டின் நிறம் சரி. நான் விசாரித்தது அதோடு நின்றுவிட்டது. முட்டை உடைத்ததை நீ பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. உன் கடிதத்தில் முன்கூட்டியே படித்ததை நடந்த செய்தியாக எடுத்துக்கொண்டேன். செய்தவளைக் கேட்க நமக்குத் தோன்றவில்லை.

நேற்று மாலையே பார்த்தசாரதியைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு தட்டு, நம் சந்தேகம், நெம்மேலி, எல்லாம். முதலில் சிரித்தான். பிறகு சைக்கிள் மணியை விரலால் தடவினான். "பஸ்ஸுல எனக்காகக் கேக்கலடா. அம்மா கேப்பா, அவளுக்குச் சொல்ல ஒரு பதில் வேணும்னு கேட்டேன். எனக்கு வேணும்னா மாரியம்மாவையே கேட்டிருக்க மாட்டேனா?" என்றான். போகும்போது திரும்பி, "ஒரே சட்டி, ஒரே ஆவி. இது எனக்கே தோணியிருக்காதுடா" என்றான்.

பல இரவுகளுக்குப் பிறகு நேற்று நன்றாகத் தூங்கினேன்.

தீராமல் இருப்பது ஒன்று. மாரியம்மா வீட்டுக்கு எப்போது வருவாள் என்று கேட்டேன். "கேக்க வேண்டியவரு கேக்கட்டும்" என்றாள். கோவளம் பஸ் நெம்மேலியில் நிற்கும். பத்தாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
அருணகிரி

*

மாமல்லபுரம்,
5-2-1974

அன்புள்ள அருணகிரிக்கு,

இதை வேண்டுமென்றே கார்டில் எழுதுகிறேன். பார்த்தசாரதி, கண்ணில் பட்டால் நின்று படி.

நேற்று நெம்மேலி போனேன். கதவு திறந்துதான் இருந்தது. "இன்னா, இன்னிக்கி இன்னா தீர்ப்பு?" என்றாள். "ஒண்ணுமில்ல. எப்ப வூட்டுக்கு வர்றேன்னு கேக்க வந்தேன்" என்றேன். இன்னொரு தடவை கேட்கச் சொன்னாள். கேட்டேன். வெள்ளிக்கிழமை குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்களாம். சனிக்கிழமை வருகிறாள். கூட்டிக்கொண்டு வர நான் வர வேண்டாமாம். மூட்டை தூக்குவதற்கு வேண்டுமானால் வரலாமாம்.

கோமளாவுக்கு மாரியம்மா சொல்லி அனுப்பியது: சைனா கிராஸைத் துண்டு போட்டு ஊறவைத்து, கொஞ்சம் தண்ணீரில் நார் தெரியாமல் கரையும்வரை காய்ச்ச வேண்டும். பாலை வேறாகச் சர்க்கரையோடு காய்ச்ச வேண்டும். இரண்டும் சூடாக இருக்கும்போதே கலந்து, வடிகட்டி, கருக்கிய சர்க்கரைமேல் ஊற்ற வேண்டும். கரைசல் ஆறிவிட்டால் திப்பித் திப்பியாகிவிடும். காற்று வருகிற இடத்தில் மூடிவைத்தால் போதும். இட்லிச் சட்டி தேவையில்லை.

சடையப்பனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஓட்டலில் அடுத்த முறை மாரியம்மா முறையிலேயே செய்து பார்க்கப்போகிறாராம்.

சம்பத்துக்கு மட்டும் இன்னும் தெரியாது. முட்டை போட்டால்தான் அந்தப் பதம் வரும் என்று லாரி ஆபீஸில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். சொல்ல விடு. ஞாயிற்றுக்கிழமை கோமளா செய்ததை அவன் சாப்பிட்டு, அதையும் புகழ்ந்து முடித்த பிறகு மாரியம்மா சொல்வாள். அதுவரை பார்த்தசாரதி, நீ இந்தக் கார்டைப் படிக்கவில்லை.

கார்டில் இடம் முடிந்தது. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நானும் அவளும் வருகிறோம். பொட்டலம் கட்டிக்கொண்டு வரப்போவதில்லை.

காத்தவராயன்